அந்த மீனும் படத்தின் மூலையும்

நான் பேசாமல் இருந்தது போதும், மச்சான்.

நேற்று உன் மனைவி மழையில் நனைந்தபடி வந்து ஒரு படத்தைத் தந்துவிட்டுப் போனாள். உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் போடப்போகிற படம். கோல்பேர்ன் ஆற்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கைகளிலும் ஒரு ட்ரவுட் மீனை ஏந்திச் சிரிக்கிறாய். மேல் மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. விறைத்துப்போன என் விரல் கமராவை மறைத்ததால் வந்தது.

"மூலையை வெட்டிப்போட்டுத்தான் போடவேணும், அண்ணை," என்றாள். "நீங்கள்தானே அவரோடை போறனீங்கள். அந்த மீனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அவர் சொல்லுற மாதிரியே எழுதுங்கோ."

நீ சொல்லுகிற மாதிரி. அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

அந்த வசந்தமும் இப்படித்தான் இருந்தது. இந்த நாட்டில் வசந்தம் தொடங்குகிற செப்டெம்பர் முழுக்க மழை. டண்டினொங்கிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, ஹீல்ஸ்வில் தாண்டி மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் ஊர்ந்துபோனோம். ஆறு தேநீர் நிறத்தில் பெருகி ஓடியது. நெஞ்சுவரை இழுத்துக் கட்டிய ரப்பர் காற்சட்டைக்குள்ளும் குளிர் எலும்பைத் தொட்டது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரிச் செய்த பொய் இலையானை நீ வீசினால் அது தண்ணீரில் விழுந்ததைவிடக் கரையிலிருந்த வாட்டில் மரத்தில் சிக்கியதுதான் அதிகம். "மச்சான், மீன் மரத்திலையோ நிக்குது?" என்று நான் கேட்டேன். "உனக்கு மீனும் இல்லை, மரமும் இல்லை. வாயை மூடு," என்றாய்.

மதியத்துக்குப் பிறகு என் தூண்டில் வளைந்தது. கால் மணி நேரம் அந்த மீன் என்னை ஆற்றோடு இழுத்துத் திரிந்தது. கடைசியில் வலைக்குள் வந்தது. குழம்புக்கென்று அதை அடிக்க நான் கல் தேடினேன். நீ என் கையிலிருந்து மீனை வாங்கினாய். "இதை விடடா. குளிருக்குள்ளை முட்டை போட்டுக் களைச்சுப்போய் நிக்குது." ஒரு படம் எடுக்கச் சொன்னாய். எடுத்தேன். பிறகு அதன் முகத்தை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்தபடி, உன் விரல்கள் நீலமாகும்வரை தண்ணீருக்குள் குனிந்து நின்றாய். அது வாலை ஒருமுறை அசைத்துவிட்டுப் போனது.

அடுத்த கிழமை உன் வீட்டு விருந்தில் அது நீ பிடித்த மீனாகியிருந்தது. நான் வலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியவன். பகிடி என்றுதான் நினைத்தேன். கதையை முடித்ததும் என் பக்கம் திரும்பி, "ஓமோ, இல்லையோ மச்சான்?" என்று கேட்டாய். நான் "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு எத்தனை பிறந்தநாள், எத்தனை புதுவீடு குடிபூரல். ஒவ்வொரு முறையும் மீன் ஒரு சாண் வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் நீ கேட்டாய், நான் ஓம் என்றேன்.

நீ அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்கு அது சிரிப்பில்லை. ஊரில் படித்து வாங்கிய என் பட்டத்தை இந்த நாடு ஏற்கவில்லை. வேலையிடத்தில் நான் வரைந்த வரைபடங்களில் வேறொருவன் கையெழுத்துப் போட்டு மேலே போனான். அந்த மீன் ஒன்றுதான் யாரும் பங்கு கேட்காமல் எனக்கு வந்தது. அதையும் நீ ஆற்றில் விட்டாய், பிறகு எடுத்துக்கொண்டாய்.

போன தை மாதம் உன் மகளின் நிச்சயதார்த்தத்தில் நீ அதே கேள்வியைக் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்துபோய்க் காருக்குள் இருந்தேன். அதன் பிறகு இரண்டு தரம் எனக்கு அழைப்பு எடுத்தாய். தொலைபேசி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் அழைப்பு போன மாதம் உன் மகளிடமிருந்து வந்தது. நித்திரையிலேயே போய்விட்டாய் என்றாள்.

இன்று காலை தனியாக ஆற்றுக்குப் போனேன். மழை விடவில்லை. ஒரு சாண் ட்ரவுட் ஒன்று பட்டது. "பார்த்தியோ?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். எதிர்க்கரையில் மாடுகள் மட்டும் நின்றன. அதை நீ விடுகிற மாதிரியே, ஓட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்து விட்டேன். விரல்கள் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கின்றன. எழுத்துக் கோணுவது அதனால்தான்.

திரும்பி வரும்போது மலைப்பாதையில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்தப் பெரிய மீன் என்னுடையது என்று என்னைத் தவிர உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. "ஓமோ, இல்லையோ" என்று கேட்கும்போதெல்லாம் நீ அதைத்தான் என்னோடு ரகசியமாகப் பேசினாயோ என்னவோ. உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். ஆனால் இப்போது நான் உண்மையைச் சொன்னால் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவேன்?

இதை நாளைக் காலை உன் வீட்டு முகவரிக்குத் தபாலில் சேர்க்கிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உன் மனைவியின் விருப்பம். யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியாமல் போகாது. ஆனாலும் பெயரைப் போட்டால், செத்தவனிடம் மீனைத் திருப்பிக் கேட்கிறவன் ஆகிவிடுவேன். அதனால் பெயர் போடவில்லை.

படத்தின் மூலையை மட்டும் வெட்ட வேண்டாம்.