குழாய் ஜெயித்துவிட்டது, அண்ணி

என் அருமைக் கமலா அண்ணிக்கு,

நம் வார்டு சேதி உனக்குத் தெரிய வேண்டாமா? நகராட்சித் தேர்தல் முடிந்து நேற்று ஓட்டு எண்ணினார்கள். நான் தோற்றுவிட்டேன். நீ ஜெயித்துவிட்டாய். சிரிக்காதே, எனக்கு வயிறு எரிகிறது.

நம் வார்டைப் பெண்கள் வார்டு என்று அறிவித்ததும் தெருவே நம் வாசலுக்கு வந்தது. கமலா இருந்திருந்தால் அவள் நின்றிருப்பாள், அவளுக்குப் பதில் நீ நில் என்றார்கள். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவளுக்கு இது எதற்கு என்று முதலில் மறுத்தேன். ஆனால் உன் படத்துக்கு எதிரில் நின்றுகொண்டு எத்தனை நேரம் மறுக்க முடியும்?

தெருவுக்குக் குழாய் கேட்டு நகராட்சி ஆபீஸ் வாசலில் காலிக் குடத்தோடு உட்கார்ந்தவள் நீ. வெறும் கமலா என்றால் இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது, 'குழாய் கமலா' என்றால்தான் தெரியும். குழாயும் வந்தது. வந்த பைப்பைச் சாக்கடைக்குள்ளேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள் பாவிகள். பைப் துருப்பிடித்து, சாக்கடை கசிந்து, நீ சண்டை போட்டு வாங்கிய தண்ணீரைக் குடித்தே உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்தப் பைப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாக்கடையைத் தொடாமல் வேறு பைப் போட வேண்டும். நான் தேர்தலில் நின்றது அதற்கு மட்டும்தான்.

எதிரில் நின்றது லாரிக்காரரின் மனைவி. தண்ணீர் லாரி ஓட்டுகிறாரே, நீ வழியில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாயே, அவர்தான். நல்ல பைப் வந்துவிட்டால் அவர் லாரியை யார் கூப்பிடப்போகிறார்கள்? போஸ்டரில் அவர் முகம் பூசணிக்காய் அளவு, ஓட்டுக் கேட்கிற மனைவியின் முகம் ஓர் ஓரத்தில். அந்த அம்மா பிரசாரத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

மூன்றாவதாக ஒருத்தி மனுப் போட்டாள். தேவகி. தெருக்கோடி வீட்டுத் தேவகியேதான், லாரிக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். இவள் எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சின்னம் கொடுக்கிற அன்றைக்குப் புரிந்தது. நான் குழாய்ச் சின்னம் கேட்டேன். அவளும் அதையே கேட்டாள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், குழாய் அவளுக்குப் போனது. மிச்சமிருந்ததில் எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? சீப்பு! லாரிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். உன் பெயருக்கு விழுகிற ஓட்டில் கொஞ்சத்தைக் குழாயைக் காட்டிப் பிரித்துவிட்டால் அவர் மனைவி ஜெயித்துவிடுவாள். கணக்கு அதுதான்.

சரி, வீடு வீடாகப் போய்ச் சொன்னால் ஜனங்களுக்குத் தெரியாதா என்று நம்பினேன். கையில் ஒரு பெரிய சீப்பை வைத்துக்கொண்டு வெயிலில் அலைந்தேன். பார்த்தவர்கள் பேன் பார்க்கக் கிளம்பிவிட்டாயா என்று கேலி பேசினார்கள், பொறுத்துக்கொண்டேன். கெடுத்தது யார் தெரியுமா? உன் புருஷன்! மாமல்லபுரம் ரூட்டில் ஓட்டுகிற வேனை நிறுத்திவிட்டு, அதில் மைக் கட்டிக்கொண்டு கிளம்பினான் என் அண்ணன். "குழாய் குடுத்த கமலாவ மறந்துடாதீங்க! குழாய் கமலா குடும்பத்துக்கே உங்க ஓட்டு!" தெரு முழுக்கக் குழாய், குழாய், குழாய். சீப்பு என்று ஒரு தடவை சொன்னானா? நான் வேனை மறித்துக் கத்தினேன்.

"டேய் அண்ணா, சின்னத்த சொல்லுடா!"

"சொல்லிகினுதானே கீறேன்," என்றான். அதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது. உன் பெயரை மைக்கில் சொல்லச் சொல்ல அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அவனை என்ன செய்வது, நீயே சொல்.

ஓட்டுப் போட்ட அன்றைக்குக் காலையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஸ்கூலிலிருந்து வெளியே வந்த முனியம்மா என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். "உங்க அண்ணிக்கே குத்திட்டேன் கண்ணு. கொழாய் மேலயே நல்லா அழுத்தி குத்தினேன்." பின்னாலேயே வந்தவளும் அதையே சொன்னாள். அவள் மாமியாரும் அதையே சொன்னாள். என்னால் என்ன பேச முடியும்? விரலில் மை வைத்துக்கொண்டு வந்து, உன்னை நினைத்துக் கண் கலங்கி நிற்கிறவர்களிடம், அந்தக் குழாய் லாரிக்காரர் வைத்த பொறி என்று எப்படிச் சொல்ல? சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் ஒன்று. உன் மேல் இந்த ஜனங்களுக்கு எவ்வளவு பிரியம் என்பது லாரிக்காரருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் ஓட்டுப் பிரியும் என்று நினைத்தார், மொத்தமும் குழாய்க்கே போய்விட்டது. நானும் தோற்றேன், அவர் மனைவியும் தோற்றாள். தேவகி கவுன்சிலர்!

லாரிக்காரர் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறாயா? மனைவிக்கென்று வாங்கி வைத்திருந்த மாலையை அப்படியே தேவகி கழுத்தில் போட்டு, அவளைக் காரில் ஏற்றிக்கொண்டார். அவர் மனைவி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு, பைப் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னாம்மா அவசரம்? நம்ம லாரிதான் ஓடிகினு கீதே," என்றார். தேவகி தலையைக் குனிந்துகொண்டு மாலையில் இருந்த பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எல்லோர் மேலும் கோபம், அண்ணி. அந்த ஆள் மேல், அவன் சொன்னதையெல்லாம் செய்தவள் மேல், அண்ணன் மேல், சொல்லச் சொல்லக் கேட்காத தெரு மேல். உன் மேலும்தான். இவ்வளவு பேர் மனதில் இப்படி உட்கார்ந்துகொள்ளச் சொல்லி உன்னை யார் கேட்டது? உன்னைக் கொன்ற பைப்பை மாற்றத்தான் நான் நின்றேன், உன் மேல் இருந்த அன்பே என்னைத் தோற்கடித்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இன்று காலை குழாயடிக்குப் போனேன். தேவகி குடத்தோடு வரிசையில் நின்றாள். "கவுன்சிலரம்மா மொதல்ல புடிச்சிக்கட்டும்," என்று யாரோ கிண்டலாகச் சொல்ல, எல்லோரும் விலகினார்கள். அவள் நகரவில்லை. நான் நேராகப் போய், "சந்தோஷமா? அவரு வூட்டு பாத்திரமும் கழுவியாச்சு, எங்க ஓட்டயும் கழுவியாச்சு," என்றேன். அவ்வளவு கேவலமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவள் அழவில்லை. "அவரு நில்லுன்னாரு, நின்னேன். குழாய் கேளுன்னாரு, கேட்டேன். ஓட்ட மட்டும் அவரு பொண்டாட்டிக்கு போடுன்னாரு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத மட்டும் என்னால முடியலக்கா. ஓட்டு சீட்டுல குழாய பாத்ததும் கமலாக்கா மூஞ்சிதான் முன்னால வந்து நின்னுச்சி. எனக்கு நானே போட்டுகினேன்னு நெனச்சிக்காத. நா போட்டது உங்க அண்ணிக்கு."

குடத்தில் விழுந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பிள்ளையும் இதைத்தானே குடிக்கிறது?

கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். குழாயடியிலேயே அவளிடம் பேசினேன், சரி என்றாள். நகராட்சியின் முதல் கூட்டத்துக்கு அவள் லாரிக்காரர் காரில் போகப்போவதில்லை. என்னோடு நடந்து வருவாள். கையில் இந்தக் குழாய்த் தண்ணீர் ஒரு குடம் இருக்கும், அதைச் சேர்மன் மேஜை மேல் வைப்பாள். பயம் வந்தால் என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், நான் வாசலிலேயே நிற்பேன். அப்புறமும் பைப் வரவில்லையென்றால், நீ உட்கார்ந்த அதே வாசலில் நாங்கள் இருவரும் உட்காருவோம். இது உன் மேல் சத்தியம், அண்ணி. தெரு உனக்குப் போட்ட ஓட்டை அவர் வீட்டு அடுக்களையில் கழுவ விடமாட்டேன்.

இப்படிக்கு,
சீப்பில் தோற்று, குழாயில் ஜெயித்த வீட்டுப் பெண்,
உன் நாத்தனார் மல்லிகா