செல்வி எங்கே என்று கேட்டாயே அப்பா

என் அருமை அப்பாவுக்கு,

தம்பி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்ததிலிருந்து நான் மீளவில்லை.

உனக்குப் பிடிக்காத வேலைதான். வீட்டு வழக்கப்படி உன்னைப் பூவாடைக்காரியாக அழைத்தோம். செத்தவர், ஆணோ பெண்ணோ, வீட்டில் யார் மேலாவது சாமியாக வந்து, மாப்பிள்ளை கையில் பூ கொடுத்து உத்தரவு சொன்னால்தான் நம்மில் தாலி. சாமியாடுகிறவர்களைப் பார்த்தாலே "ஒரு சோடா வாங்கிக் குடுங்கடா" என்று கிண்டலடித்த மனுஷன் நீ. உன்னையே பம்பை அடித்துக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களின் சாமியாட்டத்தைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறேன். வாய் திறக்க முடியாத பெண்கள் சாமி வந்தால்தான் பேசுகிறார்கள் என்று கருத்தரங்கு கருத்தரங்காகப் பேசியிருக்கிறேன். அன்றைக்கும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு ஓரமாகத்தான் நின்றேன்.

கிணறு தூர்ந்துபோனதால் உன்னை அழைக்கிற கலசத்துக்குப் பம்புசெட்டுத் தொட்டியில் தண்ணீர் எடுத்தார்கள். சித்தப்பா மேல்தான் வருவாய் என்று எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, நீ அம்மா மேல் வந்தாய். கால் இழுத்து நடக்கிற நடைகூட உன்னுடையதுதான்.

"பூ குடுத்துப் புள்ளைய வாழ்த்துய்யா" என்றார் பம்பைக்காரர். நீ கொடுக்கவில்லை.

"செல்வி எங்க? அவள வரச் சொல்லு. அப்பறந்தான் பூ."

செல்வி அம்மாவின் பேர். அம்மா அங்கே ஒவ்வொரு முகமாகப் பார்த்து அம்மாவையே தேடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரை "இந்தா" என்பாயே தவிர, நீ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"அவங்கள எங்கன்னு போயி இட்டாறது?" என்று பம்பைக்காரரே திணறினார். தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் உன் எதிரே நின்றேன்.

"நான்தாங்க செல்வி. வந்துட்டேன்."

என் நெற்றியைத் தடவினாய். "படுக்கையில கெடந்தவனுக்குப் பீ மூத்திரம் அள்ளின. கஞ்சி சுடுதுன்னு சொம்ப எடுத்து உன் நெத்தியில அடிச்சேனே. பொறுத்துக்க செல்வி."

தன் நெற்றியில் இருப்பது நிலைப்படியில் இடித்துக்கொண்ட தழும்பு என்றுதான் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அப்பா, நீயா அடித்தாய்?

பிறகு பூவைக் கொடுத்தாய், மலையேறினாய். அம்மா தண்ணீர் குடித்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

"வந்தாரா உங்கப்பா? என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

கல்யாண நேரத்தில் சொல்லாதே என்று சித்தப்பா கண்ணைக் காட்டினார். சுற்றி நின்றவர்களும் கலைந்து போனார்கள். "தம்பிய வாழ்த்தினாரும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது.

பேசியது நீயா, அவளா? கருத்தரங்கில் கேட்டிருந்தால் சட்டென்று பதில் சொல்லியிருப்பேன். இப்போது எனக்குத் தெரியவில்லை. யார் கேட்ட மன்னிப்பாக இருந்தாலும் அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை, என்னோடு நின்றுவிட்டது.

கல்யாணம் முடிந்த கையோடு ஊரைவிட்டு வந்துவிட்டேன்; நாளைக்குக் காலையில் கண்டாச்சிபுரம் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பவும் வீட்டுக்குப் போகிறேன் அப்பா. அம்மா எதிரில் உட்கார்ந்து, அவள் நெற்றியைத் தொட்டு, நீ சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்வேன். செல்வி என்று பேர் சொல்லியே சொல்வேன்.

கொஞ்ச நேரம் உன் பெண்டாட்டியாக நின்ற
உன் மகள்