தண்ணீர் கேட்காத கார்

சித்திரை, வெள்ளி இரவு.

இன்று என் அம்பாசடர் நீடாமங்கலம் வரை ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. நேற்று நானே ஸ்பேனர் பிடித்து எஞ்சினில் தண்ணீர் ஓட்டத்தை அடைத்துத் திறக்கும் தெர்மாஸ்டாட்டைக் கழற்றிவிட்டேன். அது தடுக்காவிட்டால் தண்ணீர் தாராளமாகச் சுற்றும், வெயிலில் சூடு ஏறாது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வீட்டில்தான் ஆளில்லை.

வெள்ளிதோறும் வியாபாரத்துக்கு நெல் பார்க்கப் போகும்போது கார் கொதித்து நிற்பது சாமிக்கண்ணு வீட்டருகேதான். ஒரு காலத்தில் என்னோடு மூட்டை தூக்கியவன், இப்போது விவசாயக் கூலிகளின் சங்கத் தலைவன். அறுவடைக் கூலித் தகராறில் நான் மிராசுதார்கள் பக்கம் நின்றேன். நான் வாங்கும் நெல் அவர்களிடம்தானே இருக்கிறது. அதோடு எங்கள் பேச்சு நின்றது. ஆனாலும் கார் நின்றால் குடத்தோடு வந்துவிடுவான்.

"மொதலாளி காருக்கும் எங்க தண்ணிதான் வேணுமாக்கும்?"

"ஊத்துடா, பெரிய தலைவரு!"

வாரத்துக்கு அவ்வளவுதான்.

இன்றும் தூரத்திலேயே காரைப் பார்த்துவிட்டுக் குடத்தோடு ரோட்டோரம் நின்றான். பிரேக்கில் கால் வைத்தேன். நிறுத்தி என்ன சொல்வது? தெரியவில்லை, போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். குடத்துத் தண்ணீரைத் தன் காலிலேயே கவிழ்த்துவிட்டு உள்ளே போனான்.

தெர்மாஸ்டாட் மேஜைமேல் கிடக்கிறது. நாளை அந்தப் பக்கம் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் விடிந்ததும் இதைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு ஒரு நடை போய்வர வேண்டும்.

கொதித்தால் கொதிக்கட்டும்.