ஷாஃப்ட் கழற்றாமல் இழுத்து வந்த லாரி

என் செல்லமே,

ராத்திரி ஒன்றரை மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துவிடு, கையெழுத்து கோணலாகத்தான் வரும். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், இந்த வாரத்துக்கு அதுவே நலம். போனில் சொல்லலாமே என்பாய். அப்பாவுக்கு இடது காது மந்தமானதிலிருந்து வீட்டில் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். வேலை பார்க்கிற கிளினிக்கிலிருந்து பேசலாம் என்று மூன்று தரம் உன் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன், எதிரே வரிசையாகப் பல்வலிக்காரர்கள், நான் அழுதால் அவர்களும் சேர்ந்து அழுவார்கள்.

போன திங்கட்கிழமை குவாரி மேட்டில் லோடோடு ஏறும்போது நம் லாரியின் கியர்பாக்ஸ் உள்ளேயே நொறுங்கிவிட்டது. ஒரு பல் உடைந்து மற்ற பற்களுக்கு நடுவே மாட்டி, ஓடு பிளந்து, ஆயில் ரோடெல்லாம் கொட்டியதாம். பிரேக் தாங்காமல் வண்டி பின்னால் உருண்டிருக்கிறது, அப்பா ஸ்டியரிங்கை ஒடித்துப் பாறையில் முட்டி நிறுத்தியிருக்கிறார். பக்கத்துச் சீட்டில் இருந்த சித்தப்பாவுக்குக் கண்ணாடிச் சில்லு கழுத்தில் ஏறியது, இன்னும் ஒரு விரற்கடை தள்ளி இறங்கியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அன்றிலிருந்து நம் லாரி ஷெட்டில் கிடக்கிறது, நாம் கொண்டுபோக வேண்டிய கல்லை வேறு யாரோ ஏற்றுகிறார்கள், அப்பா சுவரோடு பேசுகிறார்.

இப்போது காயலான் கடையில் நம் லாரி மாதிரியே ஒன்று வந்திருக்கிறது, அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். நேருக்கு நேர் மோதியது, முன்பக்கம் தகரப் பெட்டியை மிதித்த மாதிரி, இன்ஜின் ஓட்டுநர் சீட்டுக்குள் வந்து நிற்கிறது. ஓட்டியவர் அதிலேயே போய்விட்டார். சீட்டில் அவருடைய ஒரு செருப்பு அப்படியே இருந்தது, பக்கத்தில் கறுத்துக் காய்ந்த ரத்தம். ஆனால் கியர்பாக்ஸ், அதிலிருந்து பின் சக்கரத்துக்கு ஓடுகிற ஷாஃப்ட், பின் அச்சிலிருக்கிற டிஃபரன்ஷியல் எதிலும் ஒரு கீறல் இல்லை. தனித்தனியாகத் தர மாட்டேன், மொத்தமாக எடுங்கள் என்கிறான் கடைக்காரன். அப்பா பார்த்தவுடன் தலையாட்டிவிட்டார். சித்தப்பா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார். அப்பா சும்மா இருந்திருக்கலாம், "உனக்கு எதுக்குடா லாரி, தள்ளுவண்டி வாங்கித் தரேன், ஓரமா தள்ளிட்டுப் போ" என்றார். அதற்குச் சித்தப்பா, "நீ ஓட்டுற லட்சணத்துக்கு அடுத்த சீட்டுல உன் ரத்தம்தான் காயும்" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் இரும்புக் குப்பையில் கட்டிப் புரண்டார்கள். அப்பா அவர் தலையைப் பிடித்து சக்கரத்தின் விளிம்பில் மோதினார், ஒரு தரம் அல்ல. புருவத்தில் ஐந்து தையல். மாடியில் படுத்திருக்கிறார், நான் கொண்டுபோகும் தட்டைத் தொடுவதில்லை.

அவர்களை இழுக்கக் குனிந்தபோதுதான் லாரிக்கு அடியில் அந்த ஷாஃப்டைப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற போல்ட்டுகள் மேல் பழைய சேறு, துரு, ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடமில்லை. அதை இழுத்து வந்த கிரேன்காரர் அங்கேதான் நின்றிருந்தார், எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். "முன்னாடி தூக்கி மாட்டினேன், தொண்ணூறு கிலோமீட்டர், எங்கயும் நிறுத்தல தெரியுமா" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு உன் குரல்தான் காதில் கேட்டது. அந்த ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில் நீ செய்த தவறு இதேதானே? ஷாஃப்டைக் கழற்றாமல் பின் சக்கரம் தரையில் ஓடினால் கியர்பாக்ஸும் கூடவே சுற்றும், ஆனால் இன்ஜின் சுற்றாது, கியர்பாக்ஸுக்குள் ஆயில் மேலே ஏறாது, உள்ளே காய்ந்து அரைத்துக்கொள்ளும் என்று அழுதுகொண்டே சொன்னாய். பெரிய மேஸ்திரி எறிந்த ஸ்பேனர் உன் தோளில் பட்டதையும் சொன்னாய், அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாய்.

ஆகவே நேற்று மதியம் நான் தனியாகப் போனேன். லாரிக்கு அடியில் படுத்து, ஆயில் வடிக்கிற பிளக்கைத் திறந்து, மருந்து பாட்டிலில் பிடித்தேன். நான் படித்த வேதியியல் இத்தனை வருஷமாகத் துணிக்கறை எடுக்கத்தான் உதவியது. கறுப்பு ஆயில், கருகின நாற்றம், வெள்ளைத் தாளில் ஊற்றினால் பித்தளைப் பொடி மின்னுகிறது, உள்ளே அரைபட்டு உதிர்ந்தது. வெளியே வருவதற்குள் கடைக்காரன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். "யாரக் கேட்டு கை வச்ச, பாட்டில குடு" என்றான். ஸ்பேனரால் அவன் கையில் அடித்தேன். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அது அவன் பிடித்ததற்கு. விட்ட பிறகு இன்னொன்று அடித்தேன். அதை உன்னிடம் மட்டும்தான் எழுதுகிறேன், வருத்தம் வருமா என்று நேற்றிலிருந்து பார்க்கிறேன், வரவில்லை, பயம்தான் வருகிறது.

இன்று மாலை அவன் வீட்டுக்கே வந்துவிட்டான், இரண்டு விரலில் கட்டு. பானெட் விழுந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னான். அப்பா பாவப்பட்டுத் தண்ணீர் கொடுத்து, கட்டு அவிழ்ந்திருக்கிறதே என்று தானே குனிந்து உட்கார்ந்து இறுக்கிக் கட்டிவிட்டார். அவன் அப்பாவின் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துப்பீங்கள்ல தங்கச்சி" என்றான். நான் தலையாட்டினேன். அவன் கட்டின விலை அதுதான், நான் வாயை மூடினால் அவனும் மூடுவான். நான் திறந்தால் அவன் என் மணிக்கட்டை முறுக்கியது அப்பாவுக்குத் தெரியவரும், தம்பியையே அப்படி மோதினவர் அவனை உயிரோடு விடமாட்டார். மூடினால் அந்தக் கியர்பாக்ஸ் நம் வண்டியில் ஏறும், அதே மேட்டில் அதே லோடோடு ஏறும்.

நீதான் வழி. அப்பாவைப் போனில் கூப்பிடு, எப்படி இழுத்து வந்தார்கள், ஷாஃப்டைக் கழற்றினார்களா என்று தொழில் தெரிந்தவளாக நீயே கேள், போய்ப் பார்த்துக்கொள்வார். உனக்கு எப்படித் தெரியும் என்பார். உன் தவறைச் சொல்ல வேண்டிவரும், ஸ்பேனரைச் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம், உனக்குச் செய்த சத்தியத்தை நான் உடைக்கவில்லை. இல்லை, எல்லாவற்றையும் நானே சொல்லிவிடவா? டிஃபரன்ஷியலுக்காக மட்டும் அந்த லாரியை எடுத்தால் தகுமா என்பதையும் எழுது, எனக்கு அது தெரியவில்லை.

தோளில் இன்னும் வலி இருந்தால் கனமானதைத் தூக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், கண்ணு. வீட்டு முகவரிக்கு எழுதாதே, கிளினிக் முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. காலையில் கூரியரில் போட்டால் புதன்கிழமை உன் கையில் இருக்கும். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா