உங்கள் அம்மா ஓட்டுப் போட்ட தேர்தல்

இன்று காலை, இப்போது நான் வேலை பார்க்கும் முவைலாவில், ஒரு கடையைக் கடக்கையில் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை வந்தது. சர்க்கரை போடாத உங்கள் கருங்காப்பி நினைவுக்கு வர, அப்படியே நின்றுவிட்டேன் சார். நீங்கள் காலமான செய்தி போன மாதம்தான் கிடைத்தது. உங்களுக்குப் புரியாத தமிழில்தான் என்னால் இதை மனம்விட்டு எழுத முடிகிறது.

சவுதியில், ஜுபைல் பிளாண்டில் நீங்கள் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. அமெரிக்கர், கறுப்பினத்தவர். ஹெல்மெட் வார் தளர்ந்திருந்தாலே சத்தம் போடுவீர்கள். 2008 நவம்பரில் ஒரு காலை, டூட்டி தொடங்கும் முன், சைட் ஆபீஸ் டிவியில் உங்கள் நாட்டுத் தேர்தல் முடிவு வந்தது. முதன்முதலாகக் கறுப்பர் ஒருவர் ஜனாதிபதி ஆகிறார். நீங்கள் நின்றபடியே அழுதீர்கள்.

"சார் ஏண்ணே அழுவுறாரு? ஊர்ல யாரும் தவறிட்டாங்களா?" என்று அறைத்தோழன் செல்வம் என் காதில் கேட்டான்.

அம்மாவுக்குப் போன் போட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டீர்கள். நடுங்கும் குரல் ஒன்று கேட்டது: "மகனே, ஓட்டுப் போட்டுவிட்டேன். என் தாத்தாவுக்கும் சேர்த்துத்தான் போட்டேன்."

வெளியே ஃபோர்மேன் "யல்லா, யல்லா" என்று வேலைக்குக் கிளம்பச் சொல்லிக் கத்தினார். செல்வம் கதவைத் திறந்து, "பாய், அஞ்சு நிமிஷம். அம்மா பேசுறாங்க" என்றான். எட்டிப் பார்த்த ஃபோர்மேனும் சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றார்.

பிறகு மெதுவான ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னீர்கள். அந்தத் தாத்தா பருத்திக்காட்டில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலை வந்தபோது சிறுவன். அதற்குள் அவருடைய தாயை வேறொருவருக்கு விற்றிருந்தார்கள். அந்தத் தாத்தாவின் மடியில் வளர்ந்தவர் உங்கள் அம்மா. இளம் வயதில் ஓட்டுப் போடப் போனவரை, கறுப்பர் என்பதால் பதிலே இல்லாத கேள்விகளைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். "அதனால் வேலையும் போனது. அடுத்த தேர்தலுக்கும் போனாள்" என்றீர்கள்.

அடிமைத்தனம் எனக்குப் பள்ளிப் பாடம். எப்போதோ முடிந்துபோன கதை. அன்று அது மேசைமேல் மூச்சுவிட்டது. விற்கப்பட்டவளின் மகனைத் தொட்டு வளர்ந்த கை இந்த ஓட்டைப் போட்டிருக்கிறது.

எங்கள் நாட்டில் வந்த அடுத்த தேர்தலுக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். அதுவரை ஓட்டே போடாதவன் நான். "இதுக்காடா சவுதியிலருந்து வந்தே?" என்று அண்ணன் சிரித்தார். வாக்குச்சாவடியில் என் பெயரைக் கேட்டார்கள். சொன்னதும் உள்ளே விட்டார்கள். அவ்வளவுதான். அந்தச் சாதாரண காரியத்துக்குக் கால் நடுங்கியவன் அந்த வரிசையில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அந்த நடுக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது சார்.