சிவப்புக் கற்றாழையும் ஒரே பிரஷ்ஷும்

மார்ச் 3, செவ்வாய்

ஹோட்டலில் இன்று ஒரு குளியல் தொட்டி அடைப்பு. துப்புரவுக்காரர்கள் எல்லோரும் அதற்குள் கை விட மாட்டோம் என்று ஒதுங்கிவிட்டார்கள். மேற்பார்வையாளன் என்ற பாவத்துக்கு நானே இரண்டு கையுறையை மாட்டிக்கொண்டு எடுத்தேன். ஒரு முழம் தலைமுடி, அதில் ஒட்டிய சோப்பு, அதன் நடுவே எவனுடைய புண்ணுக்கோ போட்ட பிளாஸ்திரி. உவ்வே. மதியம் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமனார் பல்செட்டை என் காபி டம்ளரில் ஊறப்போட்டிருக்கிறார்.

"கழுவிட்டுத்தான் வெச்சேன், மாப்ளே."

எதைக் கழுவினார்? டம்ளரையா, பல்லையா?

மார்ச் 8, ஞாயிறு

என் மனைவி அவள் கம்பெனியின் வெளிநாட்டுக் கிளைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆகஸ்ட்டில் வர வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று அங்கே கேட்கிறார்களாம். "யோசிக்கிறேன்" என்றாள் போனில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புருஷன் இங்கே, அப்பா இங்கே.

ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கிளம்புகிற அன்று செடித்தொட்டி மண் ஒட்டிய கையோடு என் தோளைப் பிடித்தாள். நான் சட்டென்று நகர்ந்துவிட்டேன், வெள்ளைச் சட்டை. "உங்களுக்கு இந்த வீட்ல எல்லாமே அசிங்கம். நானும்தான்" என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறிவிட்டாள்.

பால்கனி முழுக்க அவளுடைய வண்ணக் கற்றாழைகள். அதில் ஒரு சிவப்புக் கற்றாழைதான் அவளுக்கு உயிர். இரண்டு செடிகளின் பூவைத் தூரிகையால் சேர்த்து, விதை எடுத்து, அவளே வளர்த்தது. உலகத்தில் இப்படி இன்னொன்று கிடையாதாம். விளிம்பெல்லாம் வெள்ளை முள், இலை முழுக்கப் பரு. பார்த்தாலே எனக்குச் சொறிய வேண்டும்போல இருக்கிறது. "அப்பாகிட்ட விடாதீங்க. நீங்க பாத்துக்குங்க. நான் வரும்போது செவந்திருக்கணும்" என்று மட்டும் ஒரு செய்தி.

பார்த்துக்கொள்கிறேன். வேறு என்ன செய்வது.

மார்ச் 21

சிவப்பு, பச்சையாகிக்கொண்டு வருகிறது!

இந்த ஜாதிச் செடி வெயிலில் காய்ந்து, தண்ணீருக்குத் தவித்தால்தான் சிவக்கும். சொகுசு காட்டினால் பச்சை. நான் கணக்காகத்தான் ஊற்றுகிறேன். பிறகு எப்படி? இன்று காலை கையும் களவுமாகப் பிடித்தேன். மாமா குடித்து மிச்சம் வைத்த டீயைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"பாவம் மாப்ளே, வாயில்லாத ஜீவன். நாக்கு வறண்டு போயிருக்கும்."

சர்க்கரை டீ! எச்சில் டீ! தொட்டியைச் சுற்றி எறும்பு, குட்டிக் குட்டி ஈ. மேல்மண்ணை வழித்தெடுத்தபோது புளித்த வாடை மூக்கில் ஏறியது. மாமாவிடம் மூன்று நாளாகப் பேசவில்லை என்று எழுத ஆசை. ராத்திரியே டிவி ரிமோட் கேட்டுப் பேச வேண்டியதாகிவிட்டது.

ஏப்ரல் 11

மாவுப்பூச்சி. இலை இடுக்குகளில் பஞ்சு பஞ்சாக. பழைய பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் முக்கித் தேய்த்தேன். நசுங்கும்போது ஒரு ஆரஞ்சு நீர் வருகிறது. இதைச் செய்யவா நான் பிறந்தேன்?

ஏப்ரல் 12

கனவிலும் பூச்சி. என் பல்லிடுக்கில்.

மே 5

சிவப்பு திரும்பிவிட்டது. நல்ல செங்கல் சிவப்பு. அதோடு நடுக்குருத்தில் புதிதாகப் பருக்கள், சுருள் சுருளாக, ஓரம் ஆரஞ்சு. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ராசியான கை மாப்ளே உங்க கை! எம்பொண்ணு வளத்தப்போகூட இப்படி வரலியே!" எனக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாச் செடிகளையும் பிரஷ் போட்டுத் தூசு தட்டுகிறேன்.

மே 24, ஞாயிறு

புதுப் பருக்கள் காலிஃபிளவர் மாதிரி பூரித்துவிட்டன. படம் எடுத்து அனுப்பினேன். "பார், என் கைவண்ணம்" என்று வேறு எழுதித் தொலைத்தேன்.

ஒரு நிமிஷத்தில் போன்.

"ஐயோ, அது பரு இல்லீங்க. பூச்சி. கண்ணுக்கே தெரியாத பேன் மாதிரி ஒண்ணு. உள்ள குடியிருந்து கட்டி கட்டியா வளக்கும். மத்ததைத் தொட்டீங்களா?"

தொட்டேன்.

"எதால?"

பிரஷ்ஷால்.

"எல்லாத்துக்கும் அதே பிரஷ்ஷா?"

ஆமாம். போனை வைத்துவிட்டாள்.

மே 25

கழிவறைத் துணியால் வாஷ்பேசினைத் தொட்டால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று தினமும் காலையில் கத்துகிறவன் நான். சிவப்புத் துணி எதற்கு, நீலத் துணி எதற்கு என்று பாடம் எடுக்கிறவன். த்தூ. நோய் பிடித்த செடியில் தேய்த்த பிரஷ்ஷை வாராவாரம் அத்தனை செடிக்கும் போட்டிருக்கிறேன். பொறுப்பாக! பெருமையாக! சுத்தக்காரனாம் சுத்தக்காரன்.

அந்தக் கட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உள்ளே கோடிக்கணக்கில் நெளிகின்றன என்று நினைத்து மூன்று தடவை கை கழுவினேன். அதைத்தான் அழகு என்று படம் பிடித்தேன்.

ஜூன் 2

நோய் பிடித்த செடிகளையெல்லாம் வெட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, குப்பையில் போட்டோம். நானும் மாமாவும். சிவப்பைக் கட்டிக்குக் கீழே வரைக்கும் வெட்டினேன், வெறும் கட்டை நின்றது. மாமா மூக்கைச் சிந்தி வேட்டியில் துடைத்துக்கொண்டார். இன்று அதற்கு முகம் சுளிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 10

கட்டையிலும் மறுபடி கட்டி. சிவப்பு போய்விட்டது. இனி அது இல்லை. அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். அந்தச் சரிக்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம். இன்னும் இரண்டு வருஷம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவாளோ? கேட்க வாய் வரவில்லை.

பால்கனியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. சிவப்புக்கு விதை கொடுத்த தாய்ச்செடி. அதைத் தனியாகச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். அதற்கென்று தனி பிரஷ், தனித் துணி. மாமா பக்கத்தில் போனாலே குரைக்கிறேன்.

ஆகஸ்ட் 14

தாய்ச்செடி ஒரு பக்கம் சாய்கிறது. அடியில் ஏதோ வாடை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

நாளைதான் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

காலையில் தாய்ச்செடியைக் கவிழ்த்தேன். வேர் முழுக்க அழுகல். கறுப்புக் கூழ். கையுறை போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தேன், அழுகல் எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. கெட்டி எது, கொழகொழப்பு எது என்று விரலுக்குத் தெரிந்தால்தானே வெட்ட முடியும்? கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையை விட்டேன். சாக்கடைக்குள் செத்த எலி கிடந்த நாற்றம். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் போனேன். நடுவில் சுண்டுவிரல் அளவுக்குக் கெட்டியாக ஒரு தண்டு இருந்தது.

கண்ணைத் திறந்தால் வாசலில் அவள். தோளில் பை. மாமா பின்னால் பெட்டியோடு. எவ்வளவு நேரமாக நின்றார்களோ.

"ஒரு நாள் முன்னாடியே டிக்கெட் கெடச்சுது" என்றாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எதுவரைக்கும் கெட்டியா இருக்கு?"

காட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"சீ! என்ன நாத்தம்! எப்படிங்க இதுக்குள்ள கைய விட்டீங்க?"

தெரியவில்லை என்றேன். மாமா கூடத்தில் நின்று, "பெட்டிய எங்கேம்மா வெக்கட்டும்?" என்று கேட்டார்.

"காலி பண்ணிப் பரண்ல போட்ருங்கப்பா" என்றாள் திரும்பிப் பார்க்காமல். கூழ் அவள் விரலிடுக்கு வழியே வழிந்து புடவையில் சொட்டியது. மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் இருந்தாள். கையை விடவில்லை.