சாய்ந்து கிடக்கும் நீச்சல் தொட்டி

மதினி, நாலு நாளாக வீடு முழுக்கப் பிசின் வாடை. சோறு வடித்தால் சோற்றிலும் அதே வாடை. தோப்பில் உங்கள் நீச்சல் தொட்டிக்கு, பைபர் வேலை பார்க்கிற மெக்கானிக் தம்பி ஒருவர் புதுப் பூச்சு பூசியிருக்கிறார். பைபர் பிசின் மூக்கில் ஏறியதுமே, நீங்கள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, "ஏத்தா, அந்தத் தேங்கா நார எடு" என்று வந்து நிற்கிற மாதிரியே இருக்கிறது. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது என்று இந்த மூக்குக்கு யார் போய்ச் சொல்வது?

தொட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எண்பதுகளின் நடுவில். தோப்புக் கிணறு இடிந்து தூர்ந்துபோக, அண்ணன் ஆழ்குழாய் போர் போட்டிருந்தார். சோழவந்தான் பக்கத்துக் கிணறுகளில் குதித்து வளர்ந்த உங்களுக்கு அது பெரிய குறை. "கிணத்துல குதிக்காம உடம்பு துருப்பிடிச்சுப் போச்சுங்க" என்று வேளைக்கு வேளை சோற்றோடு சேர்த்து அண்ணனுக்குப் பரிமாறினீர்கள். தாங்க முடியாமல்தான் அவர் மெட்ராஸ் போனார். அங்கே பைபர் படகு செய்கிற ஒருவர் ஏதோ ஓட்டலுக்காக வார்த்து, ஓட்டல்காரர் வேண்டாமென்று விட்ட தொட்டி கிடந்தது. அதைத் தன் லாரியிலேயே கவிழ்த்துப் போட்டு ஏற்றி வந்தார். ஆரப்பாளையம் திருப்பத்தில் லாரி சிக்கிக்கொண்டதும் டீக்கடைக் கூட்டம் மொத்தமும் எழுந்து வந்துவிட்டதாம்.

"அண்ணே, ஆத்துலயே தண்ணி இல்ல. படகு எதுக்குண்ணே?"

நம் கோச்சடைக்கு வந்து இறங்கும்போது அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வித்தவன் இருபத்தஞ்சு வருசம் தாங்கும்ங்கிறான். நானே அம்புட்டு நாள் தாங்குவனான்னு தெரியல. ஒரு வருசம் பாப்பேன். சரிப்படலைன்னா மாட்டுக்குக் கழனித்தொட்டியா வச்சுருவேன், சொல்லிட்டேன்."

"நீங்க தாங்குறீகளோ இல்லையோ, இது தாங்கும்" என்றீர்கள் நீங்கள், கொஞ்சமும் கூசாமல்.

அண்ணன் சொன்னால் செய்கிற ஆள். அதனால் அந்த ஒரு வருடமும் தொட்டியைப் பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டீர்கள். நீங்கள் நீந்துவதற்கு மட்டும் என்றால் இம்புட்டு மெனக்கெட்டிருக்க மாட்டீர்கள். தோப்பில் குழி வெட்டி விளிம்புவரை புதைத்த தொட்டியைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டி, தெருவில் இருந்த பெண்பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுவிட்டீர்கள். "பயலுக வாய்க்கால்ல கத்துக்கிறானுக. பொட்டப்புள்ளைக எங்கிட்டுப் போயி கத்துக்கும்?" பாவாடையை முடிந்துகொண்டு, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு அதுகள் போட்ட கூத்து இருக்கிறதே! வாளித் தண்ணீரைப் பார்த்தாலே மூச்சுமுட்டுகிற என்னையும் விடவில்லை.

"பயத்தக் கரையில வச்சுட்டு வாத்தா. யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாக."

நான் கரையிலேயே உட்கார்ந்து, பயத்துக்குக் காவல் இருந்தேன்.

தொட்டிக்கு நீங்கள் வைத்த சட்டங்கள் எனக்கு இன்னும் தலைகீழ்ப் பாடம். பிளீச்சிங் பவுடரை அப்படியே அள்ளி வீசக் கூடாது, பூச்சு வெளுத்துவிடும். வாளியில் கரைத்து, தெளியவைத்து, பொழுது சாய்ந்த பிறகு தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். கம்பி பிரஷ் கண்ணிலேயே படக் கூடாது, தேங்காய் நார்தான். போர் தண்ணீர் விளிம்பில் விடுகிற வெள்ளை உப்புக்குப் புளி. மஞ்சள் பூசிக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய யாரும் இறங்கக் கூடாது. அந்தச் சட்டம் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் செல்லவே இல்லை. நீர்மட்டத்தில் சுற்றிலும் மஞ்சள் கோடு விழுந்திருக்கும். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "நீச்சக் கொளமா, சாம்பாரா?" என்பார்.

வருடம் முடியப்போகிற நேரத்தில்தான் வினை வந்தது. சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் வரும், தண்ணீர் வேறு பாசி நிறம் தட்டிவிட்டது. கோடையில் கிணறு இறைத்துத் தூர்வாராமல் விடலாமா? நம் வீடுகளில் யாராவது விட்டிருக்கிறார்களா? மோட்டாரைப் போட்டுத் தொட்டியைச் சொட்டுவிடாமல் இறைத்து, தென்னைக்குப் பாய்ச்சி, உள்ளே இறங்கித் தேய்த்து, வெயிலில் காயவிட்டோம். தரையில் சூடம் கூட ஏற்றினீர்கள், கிணற்றுக்கு ஏற்றுகிற மாதிரியே. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நாமும்தான் பேசினோம். அந்தத் தண்ணீர் ஆற்றங்கரை மணலுக்குள் ஊறி நம் தோப்புக்கு அடியிலும் வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விடிந்து பார்த்தால் தொட்டி தரைக்கு மேலே வந்து நிற்கிறது! ஒரு பக்கம் இடுப்புயரம் எழும்பி, சுற்றிப் பதித்த கல்லெல்லாம் பெயர்ந்து கிடந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ஒருமுறை சுற்றிவந்தார்.

"மாடு குனிஞ்சு குடிக்கச் சரியான ஒசரம். நாளைக்கே வைக்கோல் போட்ரலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மதினி. நீங்கள் அழவில்லை. தரையில் மண்டியிட்டு, தூக்கிய பக்கம் கையை விட்டுத் துழாவி, சொட்டச் சொட்ட ஈரமணலை அள்ளி வந்தீர்கள். பிறகு சிரித்தீர்கள் பாருங்கள், எனக்குக் கோபமே வந்தது.

"சொரக்குடுக்கைய முதுகுல கட்டிவிட்டு எத்தன புள்ளைய மெதக்க விட்டோம்! இதுவும் ஒரு குடுக்கைதானத்தா. வகுத்துல தண்ணி இல்லாம, கீழ தண்ணி ஊறுனா மெதக்காம என்ன செய்யும்? தப்பு தொட்டி மேல இல்ல." அப்படியே அண்ணன் பக்கம் திரும்பி, "ஆத்துத் தண்ணி வத்தட்டும். ஒரு வாரம் குடுங்க. அப்பறம் வைக்கோல் போடுறதப் பத்திப் பேசுவோம்" என்றீர்கள்.

திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் அழகரைப் பார்த்தார்களோ இல்லையோ, முளைத்த தொட்டியைப் பார்த்தார்கள். ஆறு வற்றியதும் பக்கத்தில் குழி தோண்டி, ஊறிய தண்ணீரை மோட்டாரால் எடுத்து, அடியில் சரிந்திருந்த மணலை எட்டிய மட்டும் வழித்தோம். பிறகு உள்ளே கொஞ்சம் தண்ணீர், வெளியே கொஞ்சம் மணல், மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடைகூடையாகக் கொட்டினார்கள். தொட்டி முனகிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தது. ஒரு முனை மட்டும் நாலு விரல்கடை தூக்கலாகவே நின்றுவிட்டது. தோண்டிய குழியை நீங்கள் மூடவிடவில்லை. அதில் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறையை இறக்கி, "இனிமே இதுல தண்ணி ஊறியிருக்கான்னு எட்டிப் பாக்காம எவளும் தொட்டிய எறைக்கக் கூடாது" என்றீர்கள். அண்ணன் போய், வைக்கோலை மாட்டுக்கே போட்டார்.

அந்த வாரம்தான் நானும் தண்ணீரில் இறங்கினேன். அம்புட்டுக் கூடை மணல் சுமந்துவிட்டுக் கரையில் உட்கார எனக்கே ரோசமாக இருந்தது.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். பூச்சுக்காகத் தொட்டியை இறைத்து முடித்த நேரத்திலிருந்து அண்ணன் அந்த உறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். குச்சியை விட்டுப் பார்ப்பதும், ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பதுமாக நாலு நாள். சாப்பாடும் அங்கேதான். "ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லண்ணே, உள்ள வாங்க" என்றால், "ஒனக்கென்ன தெரியும், போ" என்கிறார். கழனித்தொட்டி ஆக்குவேன் என்ற மனுசன், மதினி!

மெக்கானிக் தம்பி பூசி முடித்துவிட்டு, "ஐயா, தொட்டி சாஞ்சு கெடக்கு. காலியாத்தான இருக்கு, தூக்கி நேர் பண்ணிரலாமா?" என்று கேட்டார்.

"அது கெடக்கட்டும்ப்பா. எங்க வீட்டம்மா எறக்கி வச்சது" என்றார் அண்ணன். பிறகு, "எம்புட்டு நாள் தாங்கும்?" என்று கேட்டார்.

"காலியா விடாமப் பாத்துக்கிட்டா இன்னும் இருபது வருசம் போகும்யா."

அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ அப்பவே சொன்னா" என்றார்.

இன்று சாயங்காலம் தண்ணீர் விட்டோம். எப்போதும் போலத் தணிந்த பக்கம்தான் விளிம்பு முதலில் நனைந்தது. தட்டிக்கு வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அதுகளை உள்ளே விடுவதற்கு முன்னால், இந்த வயதில், நைட்டியை முடிந்துகொண்டு நான்தான் முதலில் இறங்கினேன். "பாத்து, பாத்து" என்று அண்ணன் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். நான் பாட்டுக்கு மல்லாந்து மிதந்தேன். அன்றைக்குக் கரையில் வைத்துவிட்டு இறங்கிய பயத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, மதினி. நானும் திரும்பிப் போய் எடுக்கவே இல்லை.